புதுப் பெயிண்ட் பொலபொலவென உரிவது ஏன்? மஞ்சள் காட்டிக் கொடுக்கிறது!

தூத்துக்குடி, ஜூலை 10-

பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு ஜூலை 26-ந்தேதி கொடி ஏறும். ஆகஸ்டு 5-ந்தேதி வரை ஊரே ஜேஜே என்று இருக்கும். அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று பலரும் பறப்பார்கள்.

பழைய தேக்குக் கதவில் தாத்தா காலத்து நீலம், அப்பா காலத்துப் பச்சை என்று பெயிண்ட் ஏடு ஏடாக அப்பியிருக்கும். சுரண்டி மாளாது. காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தடவினால் தோல் உரிவதுபோல உரிந்து வந்துவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுநாளே புதுப் பெயிண்ட். கதவு பளபள!

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் கதவில் கொப்புளம் கிளம்பும். நகம் பட்டால் உரியும். "போலிச் சரக்கைக் கொடுத்து ஏமாத்திட்டீரே" என்று வீட்டுக்காரர் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பார். கடைக்காரர் பெயிண்டரைக் கைகாட்டுவார். உண்மையான குற்றவாளியோ கதவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும்!

கதவுக்குள் சோப்பு

காஸ்டிக் சோடா நம்ம மாவட்டத்துச் சரக்குதான். சாகுபுரம் ஆலையில் தயாராகிறது. அதோடு எண்ணெய் சேர்ந்தால் சோப்பு. கதவிலும் அதே கதைதான். மேலாகக் கழுவினால் மரத்துக்குள் ஊறிய காரம் போகாது. எனாமல் பெயிண்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. காரம் அதைச் சோப்பாக்கி, பெயிண்டின் பிடியை விட வைக்கிறது. போதாக்குறைக்குக் காஸ்டிக், காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். கடலோர ஊரில் கேட்கவா வேண்டும்?

மஞ்சள் சோதனை

ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதல்லவா? காஸ்டிக் பட்டாலும் மஞ்சள் சிவக்கும். அதுதான் துப்பு!

கதவை பிரஷ் போட்டு இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, மறுபடியும் தண்ணீர். வெள்ளைத்தாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, ஈரக் கதவில் ஒட்டிப் பார்க்க வேண்டும். சிவந்தால் காரம் பாக்கி, மறுபடி வினிகர். மஞ்சளாகவே இருந்தால் பாஸ்!

அப்புறம் காற்றோட்டமான நிழலில் குறைந்தது ஒரு வாரம் காய வேண்டும். சுள்ளென்ற வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். தண்ணீர் பட்டு எழும்பிய சிலும்பை நைஸ் உப்புத்தாளால் தேய்த்த பிறகே பிரைமர்.

கடையில் விற்கும் ரெடிமேட் ரிமூவர் சிலவற்றில் மெழுகு உண்டு. டர்ப்பன்டைன் போட்டுத் துடைக்காவிட்டால் பெயிண்ட் ஒட்டாது. மெத்திலீன் குளோரைடு கலந்த ரிமூவரை மூடிய அறையில் திறந்தால் ஆளையே கொல்லும். அமெரிக்காவில் 2019-ல் வீட்டு உபயோகத்துக்கு அதை விற்கத் தடை போட்டார்கள்.

உஷார்!

காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. ரப்பர் கையுறை, கண்ணாடி அவசியம். கண்ணில் பட்டால் வினிகர் வைத்தியம் வேண்டாம். தண்ணீரை விடாமல் ஊற்றியபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தூள் பறக்கவிடாமல் ஈரத்தோடு அள்ளி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

பெயிண்டுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரியில் 38 மாடிக் கட்டிடம் எரிந்தது இப்படித்தான். மரப்பலகைக்கு எண்ணெய் போட்டவர்கள் விட்டுப்போன துணியில் பற்றிய தீக்கு 3 தீயணைப்பு வீரர்கள் பலியானார்கள். துணியை விரித்துக் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கொடியேற்றத்துக்கு இன்னும் 16 நாள். இன்றைக்கு உரித்துக் கழுவினாலும் கதவு காய நேரம் இருக்கிறது. அவசரப்பட்டால் திருவிழாவுக்குப் பிறகு கடைக்காரரோடு சண்டைதான் மிச்சம்!