குறிஞ்சி நிலத்துக் காதற்கீதம்
ஒட்டோமானியர் ஆட்சியில் செழித்த போஸ்னிய நகரங்களின் முற்றங்களிலும் சாளரங்களிலும் பிறந்து, சாஸ் என்னும் தந்திவாத்தியத்தோடு இசைந்து, 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்ற செவ்தாலிங்கா என்னும் காதற்கீதம் நகரத்துக் குழந்தையென்றால், நம் நாட்டுக் காதற்பாட்டின் ஆதி ஸ்தானம் மலையே ஆகும்.

மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விளைவித்து ஜீவித்துவந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைச் சரிவுகளைக் காணுந்தோறும், மலைநிலத்துக் காதலுக்குக் குறிஞ்சி எனப் பெயரிட்ட மரபு ஏட்டில் பிறந்ததன்று, இத்தகைய மண்ணிலிருந்தே உதயமானது என்ற எண்ணம் என் இருதயத்தில் திடப்படுகிறது.

தினைப்புனத்தில் கிளியோட்டும் தலைவியின் காதலை, அவள்மேல் உயிரையே வைத்த தோழியின் வாய்மொழியாக, 99 மலர்களின் பெயர் மணக்க 261 அடிகளில் பாடிய குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியர் கபிலர், இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்தார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் ஆலயத்து இராஜராஜன் காலச் சாசனம் கூறுகிறது.