செல்வமும் வேட்கையும்: இரு நாவல்கள்



ஏழைச் சிறுவன் ஒருவன் செல்வனாக உயர விரும்புவது குற்றமாகுமா? இவ்வினாவை எழுப்பும் ஆங்கில நாவல்கள் இரண்டினை இன்று உங்கள் முன் வைக்கின்றேன். ஒன்று, சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை தம் வார இதழில் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. மற்றொன்று, அமெரிக்கரான ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு 1925-இல் வெளியிட்ட 'தி கிரேட் கேட்ஸ்பி'.

டிக்கன்ஸ் படைத்த பிப், தமக்கையின் கணவனான ஜோ என்னும் கொல்லனின் வீட்டில் வளரும் அநாதை. எஸ்டெல்லா என்னும் சிறுமி அவனுடைய முரட்டுக் கைகளை இகழ்கின்றாள். அன்று பிறந்த வெட்கமே பின்னர் வேட்கையாக வளர்கின்றது. மற்றைய நாவலின் ஜேம்ஸ் காட்ஸ், வடக்கு டக்கோட்டாவின் எளிய உழவர் மகன். பதினேழாம் வயதில் பெயரையே மாற்றிக்கொண்டு ஜே கேட்ஸ்பி ஆகின்றான். பின்னர், தான் இழந்த டெய்சியை மீண்டும் அடையும் பொருட்டு, அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்குகின்றான்.

இருவர்க்கும் பொருள் வந்த வழி சிந்திக்கத்தக்கது. பிப்புக்குப் பொருள் அனுப்பியவன் மாக்விட்ச் என்னும் நாடுகடத்தப்பட்ட கைதி. எனினும் அப்பொருள் ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்து அவன் உழைத்து ஈட்டியது. கேட்ஸ்பியின் செல்வமோ, மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலத்தில் கள்ளச் சாராயம் முதலிய வழிகளில் வந்தது. கைதியின் நேர்மையான பணத்தைக் கண்டு பிப் அருவருக்கின்றான். கேட்ஸ்பியின் கறைபட்ட பணத்தில் ஊரே விருந்துண்டு களிக்கின்றது. பணத்தை அதன் உடையைக் கொண்டு எடைபோடும் உலகம் இது!

முடிவில் இருவர் வழியும் பிரிகின்றது. மாக்விட்சின் உடைமை அரசுக்குப் போக, பிப் கடனாளியாகி நோயில் வீழ்கின்றான். அவனைப் பேணிக் கடனையும் அடைப்பவன், அவன் நாணி ஒதுக்கிய ஜோவே. கேட்ஸ்பி சுட்டுக் கொல்லப்படுகின்றான். விருந்துக்கு வந்த நூற்றுக்கணக்கானோருள் இறுதிச் சடங்குக்கு வந்தோர் மிகச் சிலர். நெடுந்தொலைவிலிருந்து வந்து நிற்பவர் முதிய தந்தை.

நான் கல்லூரியில் பயின்றபோது, ஒரு நாள் என் தந்தையார் வேர்க்கடலை மூட்டையுடன் விடுதிக்கு வந்தார். "யார் இவர்?" என்று நண்பன் கேட்டான். "ஊர்க்காரர்" என்றேன். அவர் செவியில் அது விழுந்ததோ, இல்லையோ, அறியேன். பின்னரும் நான் கேட்கவில்லை. சில திங்கள் கழித்து, ஜோ இலண்டனுக்கு வந்து, தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறும் பகுதியைப் படித்தேன். அதற்கு மேல் அன்று படிக்க இயலவில்லை.

உயர விரும்புவது குற்றமன்று, மாணவர்களே. ஏணியில் ஏறும்போது அதைத் தாங்கிப் பிடித்த கைகளைக் கண்டு நாணுவதே குற்றம். பிப்புக்கு அதனை உணர்ந்து மன்னிப்புக் கேட்கக் காலம் வாய்த்தது. எல்லோர்க்கும் அது வாய்ப்பதில்லை.