நாமக்கல் பாறையும் நிலவின் மண்ணும்

எங்கள் அரியாங்குப்பத்தை அடுத்த வீராம்பட்டினம் கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளி, உருப்பெருக்கியால் பாருங்கள். பல மணிகளின் முனைகள் மழுங்கியிருக்கும். ஆறும் அலையும் உருட்டித் தேய்த்ததன் விளைவு இது. சந்திரனிலோ காற்றும் இல்லை, ஓடும் நீரும் இல்லை. விண்கற்கள் மோதிப் பாறைகள் நொறுங்கியதால் உண்டான அந்த மண், கண்ணாடித் தூளைப் போலக் கூர்மையானது. அப்படியானால், அங்கே ஓட வேண்டிய ஊர்தியைப் பூமியில் எந்த மண்ணில் ஓட்டிப் பார்ப்பது?

இதற்கு விடை காண, நிலவின் பாறை எத்தகையது என்று முதலில் தெரிய வேண்டும். 1969 முதல் 1972 வரை ஆறு அப்பல்லோ பயணங்களில் நிலவில் இறங்கிய 12 பேர், 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அவற்றுள் 'அனார்த்தொசைட்' என்னும் வெண்ணிறப் பாறைத் துண்டுகளும் இருந்தன. இவை எப்படி உண்டாயின? தொடக்க காலத்தில் நிலவின் மேற்பகுதி உருகிய பாறைக் குழம்பாக இருந்தது என்றும், பாலின் மேல் ஆடை படிவதைப் போல, அடர்த்தி குறைந்த கனிமம் மேலே மிதந்து உறைந்தது என்றும் அறிவியலார் கருதினர்.

இதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் உண்டு! அதைப் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுசென்று, இஸ்ரோ செயற்கை நிலவுத் தரை ஒன்றை அமைத்தது. சந்திரயான் ஊர்தியின் சக்கரங்கள் அதன்மீது சோதிக்கப்பட்டன.

ஆனால் 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 தரையிறங்கு கலம் நிலவில் மோதி உடைந்தது. அதனுள் இருந்த ஊர்தி ஓர் அடிகூட ஓடவில்லை. அறிவியலார் மனம் தளரவில்லை. பிழைகளைக் கண்டறிந்து திருத்தினர். நம் அண்டை ஊரான விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23 அன்று தென்துருவத்தை நோக்கிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. 26 கிலோ நிறையுள்ள பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் ஓடி, 23 முறை மண்ணைப் பகுத்தாய்ந்தது.

2024-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? அங்கும் அனார்த்தொசைட் வகை மண்ணே! அப்பல்லோ வீரர்கள் இறங்கிய இடங்களுக்கு வெகு தொலைவிலும் அதே பாறை இருப்பதால், உருகிய நிலவு என்ற கருத்து மேலும் வலுப்பெற்றது.

அடுத்த முழுநிலவை உற்றுப் பாருங்கள். பாட்டி வடை சுடுவதாகச் சொல்லும் கருந்திட்டுகள், எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். சுற்றிலும் ஒளிரும் மேட்டு நிலமோ நாமக்கல் பாறைக்கு உறவு!