கட்டடத்துக்கும் பேரேட்டில் ஒரு பக்கம்

வியாபாரத்தில் போட்ட முதல் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், சரக்கில் இருக்கிறது, வெளியே பாக்கியாக நிற்கிறது, கொஞ்சம் வங்கியில் இருக்கிறது என்று சொல்வோம். தலைக்கு மேல் இருக்கும் கூரையையும், மூட்டைக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் யாரும் சொல்வதில்லை. ஆனால் போட்ட முதல் அத்தனையும் அந்தக் கூரையையும் சுவரையும் நம்பித்தான் இருக்கிறது. ஒரு இரவு ஒழுகினால் போதும், சர்க்கரை பாகாகிவிடும். பருப்பு பூசணம் பிடித்துவிடும். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

நமது கடைத்தெருக்களில் கீழே கடை, பின்னால் கிட்டங்கி, மாடியில் குடும்பம் என்பதே பெரும்பாலான கட்டடங்களின் அமைப்பு. ஆகவே கட்டடம் கெட்டால் சரக்குக்கு மட்டும் ஆபத்து இல்லை. மாடியில் உறங்கும் பெண்டு பிள்ளைகளுக்கும் ஆபத்து. வாடிக்கையாளருக்குத் தனிப்பக்கம் போட்டுப் பற்று வரவு எழுதும் நாம், கட்டடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெள்ளையடிக்கும் முன்

ஆயுத பூசைக்குக் கடையை ஒழித்து, கழுவி, வெள்ளையடிப்பது நம் வழக்கம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பாக அமைந்த நல்ல வழக்கம் இது. ஆனால் வெள்ளையடித்தால் விரிசல் மறைந்துவிடும், தீராது. எனவே சரக்கை நகர்த்திய அன்றே, வெள்ளையடிப்பவர் மட்டையைத் தொடுமுன், ஒரு கொத்தனாரை அழைத்துக்கொண்டு சுவர் சுவராகப் பார்த்து வர வேண்டும்.

முதலில் மொட்டை மாடி. தண்ணீர் இறங்கும் வாய்களில் சருகும் சாக்குத் துண்டும் அடைத்திருந்தால் மழைநீர் குளம்போல் நிற்கும். நின்ற நீர் தட்டோட்டின் இடுக்கு வழியே இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, அடிப்பூச்சைத் தள்ளிவிடும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது என்றால் பூச்சு வேலை சரியில்லை என்று நினைக்கக் கூடாது. உள்ளே கம்பி கெட்டிருக்கிறது என்று பொருள். மேலே பூசி மறைக்காமல், பொறியாளரிடம் காட்டுவதே சரி.

கைப்பிடிச் சுவரிலும் குழாய் ஓரத்திலும் அரசஞ்செடி, ஆலஞ்செடி முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிள்ளி எறிந்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து இடுக்கை அடைத்தால்தான் சுவர் பிழைக்கும்.

மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம் வைத்திருப்பவர்கள், சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தைக் கவனிக்க வேண்டும். ஈரமும் கரையானும் முதலில் பிடிப்பது அங்கேதான். தட்டிப் பார்த்து ஓசை பொள்ளென்று வந்தால் தச்சரை அழைக்க வேண்டும். இத்தகைய சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசுவதும் தவறு. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும்.

சரக்கு வைக்கும் முறையும் பராமரிப்பே

கட்டடத்தைக் கெடுப்பது மழை மட்டும் அல்ல. நாம் சரக்கு அடுக்கும் முறையும்தான். மூட்டையைச் சுவரை ஒட்டி அடுக்கினால் சுவரின் ஈரம் சரக்குக்கு வரும். சுவரில் என்ன நடக்கிறது என்பதும் தெரியாது. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஓர் ஆள் நுழைந்து பார்க்கும் அளவு இடைவெளி விட வேண்டும். தரையில் மரக்கட்டை போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும். எலி வளையும் கரையான் புற்றும் அப்போதே கண்ணில் படும்.

மளிகைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது உப்பு. உப்பு மூட்டையைத் தூணை ஒட்டி வைத்தால், கசியும் உப்புநீர் தூணுக்குள் ஊறிக் கம்பியை அரித்துவிடும். உப்புக்குத் தூண் இல்லாத மூலையாகப் பார்த்து, அடியில் தடித்த தாள் விரித்து வைப்பது நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, குடியிருந்த மாடி அறையைக் கிட்டங்கியாக்குவது. குடியிருப்புக்கான தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் என்ற கணக்கில் கட்டப்படுகிறது. அந்த இடத்தில் 50 கிலோ மூட்டை இரண்டுதான் படுக்கும். ஐந்து வரிசை உயர்த்தினால் பத்து மூட்டை, 500 கிலோ. தளம் தாங்க வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு! அன்றே விழாது, பல நாள் தாங்கும். அந்தப் பல நாள்தான் நம்மை ஏமாற்றுகிறது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். மாடியில் அப்பளம், சேமியா, காலி டப்பா போன்ற எடை குறைந்த சரக்கு மட்டும் இருக்கட்டும்.

மாடிப்படியின் கீழ்

நமது கட்டடங்களில் மாடிப்படியின் அடியில்தான் மின்மீட்டர் இருக்கும். காலி அட்டைப்பெட்டியும் சாக்கும் போடுவதும் அங்கேதான். மாடியில் இருப்பவர்கள் கீழே இறங்க அந்த ஒரு படிதான் வழி. இம்மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் தீப்பிடித்து, கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து, முடிவில் கட்டடம் முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று. அத்தனை பெரிய கடைக்கே அந்தக் கதி. மாடிப்படியின் அடியை இன்றே காலி செய்ய வேண்டும். வேறு செலவே இல்லாத பராமரிப்பு அது.

வீட்டுக்காகப் போட்ட பழைய ஒயரில் குளிர்ப்பெட்டி, தராசு, எடுப்பான பலகை விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறோம். ஒயர் சூடாகிறதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, கசிவு கண்டால் தானே நிறுத்தும் கருவியையும் பொருத்திக்கொள்ள வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் மின்இணைப்பு தனித்தனியாக இருப்பதும் முக்கியம். வீட்டு இணைப்பில் கடையை ஓட்டினால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிக்க இடமுண்டு.

யார் செய்ய வேண்டும்?

வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள், "உரிமையாளர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். உரிமையாளரோ, "கடைக்காரர்தானே அனுபவிக்கிறார்" என்பார். இருவர் பேச்சுக்கும் நடுவில் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை எது யார் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்ஒயர் வேலை ஆகியவை உரிமையாளருக்கு. குழாய்த் திருகு, சாக்கடைச் சுத்தம், சுவிட்சு, பூட்டு, கண்ணாடி போன்றவை வாடகைதாரருக்கு.

ஒப்பந்தம் எழுதும்போதே இதை வரி வரியாகப் பேசி எழுதிவிட்டால் மனத்தாங்கல் இராது. ஒழுக்கு கண்ட அன்றே தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு மழையோடு போய்விடும்.

காப்பீட்டிலும் இதே கவனம் வேண்டும். கட்டடத்துக்கு ஒரு தொகை, சரக்குக்கு ஒரு தொகை என்று பிரித்துக் காட்ட வேண்டும். தீயும் வெள்ளமும் காப்பீட்டில் அடங்கும்; நாள்பட்ட தேய்மானமும் கவனிக்காமல் விட்ட சீர்கேடும் அடங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய மழை எந்த ஊருக்கும் வரலாம். அன்று பாலிசியை எடுத்துப் படிப்பதில் பயனில்லை.

பேரேட்டில் என்ன எழுதுவது?

தேதி, செய்த வேலை, செய்தவர் பெயர், ஆன செலவு, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்ற ஐந்து பத்திகள் போதும். எந்தச் சுவருக்குள் குழாய் போகிறது, எந்த ஆண்டு ஒயர் மாற்றினோம், தரைத்தொட்டி எப்போது கழுவினோம் என்பவற்றையும் எழுதலாம். நாளை பிள்ளைகள் பொறுப்பேற்கும்போது பத்திரத்தோடு இந்தப் பக்கமும் அவர்களுக்கு உதவும்.

சொந்தக் கட்டடமானால் ஆண்டுக்கு ஒரு மாத வாடகைக்குச் சமமான தொகையைத் தனியே எடுத்து வைப்பது நாம் கடைப்பிடிக்கும் முறை. செலவாகாத ஆண்டில் அது சேரும். பெரிய வேலை வரும்போது வட்டிக்கு அலைய வேண்டியதில்லை.

வணிக நண்பர்களே! பாக்கிக்காரரை மாதம் ஒருமுறை பார்க்கிறோம். கட்டடத்தை மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் பார்த்தால் போதும். பாக்கிக்காரர் தவணை சொல்வார். கட்டடம் தவணை சொல்லாது.