வெண்வளையம் காட்டும் ஆண்டு

சிற்றுருக் கார் செய்வோர் பலர் உடலுக்கு மெருகேற்றுவதில் நாட்களைச் செலவிட்டு, ரயரைப் பெட்டியிலிருந்து எடுத்தவாறே மாட்டிவிடுவர். யானும் அவ்வாறிருந்தவனே.

1965ஆம் ஆண்டு மஸ்ராங் ஒன்றை 1:25 அளவிற் செய்து, அதன் ரயர்களில் இரண்டரை மில்லிமீற்றர் அகல வெண்வளையம் தீட்டினேன். மெய்யான காரில் அஃது இரண்டரை அங்குலமாகும். அத்துணை அகலம் 1950களின் கோலம். அமெரிக்கக் கார்களில் 1962 முதல் வளையம் ஏறத்தாழ ஓரங்குலமாக ஒடுங்கிவிட்டது. பிழையைக் கண்டவன் என் மாணவன்!

மீண்டும் தொடங்கினேன். மினுக்கத்தையும் நடுவிலுள்ள அச்சுத் தழும்பையும் நுண்ணிய அரத்தாளால் தேய்த்தேன்; ஓடிய ரயர் மினுங்குவதில்லை, சாம்பல் படர்ந்த கருமையே அதன் நிறம். பின்னர் சில்லைக் குச்சியொன்றிற் செருகி, தூரிகையை அசையாது பிடித்துக் குச்சியைச் சுழற்றினேன். தூரிகை நகர்ந்தால் வட்டம் கோணும். வெண்மையை நீர்க்கக் கரைத்துப் பலமுறை பூசுதல் நன்று.

நான்காவது சில்லில் மட்டும், கருமைக்கு அடியில் பழைய அகல வளையம் இன்னும் மங்கலாகத் தெரிகின்றது.