ஆய்வுக்கூடத்தில் காப்பு

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்பெறும் தீபத்தைச் சுற்றுப்புற ஊரார் நெடுந்தொலைவிலிருந்து கண்டு மகிழ்வர். செஞ்சிக்குச் செல்லும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூர் மக்களும் அவ்வாறு காண்பவரே. கொப்பரையில் நின்றெரியும் தீ விழாவாகிறது. அதே தீ கூரையைப் பற்றினால் பெருங்கேடாகிறது. தீயின் இயல்பு ஈரிடத்தும் ஒன்றே. அதனை ஆள்வோரின் விழிப்பே வேறுபடுகிறது. பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள அமிலத்திற்கும் ஆவிக்கும் மின்னாற்றலுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

அறிவிற் சிறந்தோர்க்கும் ஆய்வுக்கூடம் சலுகை காட்டுவதில்லை. 1811ஆம் ஆண்டில் தூலோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் நைட்ரசன் முக்குளோரைடு என்ற வெடிபொருளைக் கண்டறிந்தார்; அதன் ஆராய்ச்சியில் ஒரு கண்ணையும் விரல்களையும் இழந்தார். மறு ஆண்டில் அதே பொருள் வெடித்ததால், ஆங்கிலேய அறிஞர் அம்பிரி தேவியின் கண் புண்பட்டது. அவருக்கு எழுத்துதவி செய்ய வந்த இளைஞரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே ஆவார். சுவீடன் நாட்டு வேதியியலார் சீலே, தாம் ஆராய்ந்த பொருள்களைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கமுடையவர். அவர் 1786ஆம் ஆண்டில் 43 வயதிலேயே மறைந்தார். நச்சுப் பொருள்களோடு நெடுங்காலம் பழகியதே காரணமாகலாம் என்பர்.

இவை பழங்கதைகள் என்று எண்ணற்க. 1996ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியை கேரன் வெட்டர்ஆனின் கையுறைமீது பாதரசச் சேர்மம் ஒன்றின் சில துளிகள் சிந்தின. அவை உறையை ஊடுருவி உடலிற் புகுந்தன. நோயின் அறிகுறிகள் சில திங்கள் கழித்தே தோன்றின. 1997இல் அவர் உயிர் நீத்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2018ஆம் ஆண்டு திசம்பரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஆராய்ச்சியாளர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர்.

ஆதலின், ஆய்வுக்கூட விதிகள் ஆசிரியரின் கட்டளைகள் மட்டும் அல்ல. பலர் பட்ட துன்பத்தின் பயன்கள் ஆகும். ஒவ்வொரு விதிக்கும் காரணம் உண்டு. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலக்கியபடி ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. ஏன்? இவ்விரண்டும் கலக்கும்போது மிகுந்த வெப்பம் தோன்றும். அமிலம் நீரைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு அடர்த்தியுடையது. எனவே, மேலே ஊற்றிய நீர் அமிலத்தின் பரப்பிலேயே நின்று, நொடியிற் கொதித்து, அமிலத்தையும் வாரி முகத்தில் தெறிக்கும். நீரில் அமிலத்தை ஊற்றினாலோ, அமிலம் கீழிறங்கிப் பரவும்; மிகுதியான நீர் அவ்வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும்.

சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது அதன் வாய் உங்களையோ அருகிலிருப்பவரையோ நோக்கியிருத்தல் கூடாது. கொதிக்கும் நீர்மம் திடீரெனப் பீறிட்டு வெளிவரும். வளிமத்தை முகர வேண்டின், குழாயில் மூக்கை வையாது, கையால் காற்றைச் சிறிதளவே முகத்தின்பால் விசிறுக. எப்பொருளையும் சுவைத்துப் பாராதீர். எரியும் சாராய விளக்கை வாயால் ஊதாது மூடியிட்டு அணைக்க வேண்டும். கூந்தலை முடிந்து, தொங்கும் ஆடைகளைச் செருகிக் கொள்க. காப்புக் கண்ணாடி அணிக. பெயர்ச்சீட்டில்லாத புட்டியைத் தொடாது ஆசிரியரிடம் தெரிவிக்க. ஈரக்கையால் மின்விசையை இயக்கற்க.

முயன்று காத்தும் இடர் நேருமாயின், முதலில் ஆசிரியரை அழைக்க வேண்டும். அமிலம் தோலிற் பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுக. கண்ணிற் பட்டால், இமைகளை விரித்து, 15 நிமிடங்களுக்குக் குறையாமல் கழுவிய பின் மருத்துவரை நாட வேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓட்டம் தீக்குக் காற்றை ஊட்டும். தரையிற் படுத்துப் புரள்க. அல்லது தடித்த கம்பளியாற் போர்த்துக. மின்கருவியில் எழுந்த தீயின்மீது நீரை ஊற்றாது, மின்னிணைப்பைத் துண்டித்து மணலை இடுக. தவறு செய்தவர் அச்சத்தால் அதனை மறைத்தல், தவற்றினும் பெரிய தீங்காகும். காலம் தாழ்ந்தால் சிறு புண்ணும் பெரும் புண்ணாகும்.

இவ்வளவு இடர் உண்டெனின், ஆய்வுக்கூடத்தைப் பூட்டி வைத்தல் நலமன்றோ எனச் சிலர் கருதலாம். அஃது நீச்சல் கற்பியாது பிள்ளையைக் கிணற்றுப் பக்கமே விடாது வளர்ப்பது போன்றதாகும். என்றேனும் ஒருநாள் அவன் நீரைச் சந்தித்தே தீர வேண்டும். நூலிற் படித்த அமிலம் கையிற் பயின்றால்தான் அறிவாகும். உழவர் வீட்டில் பூச்சிமருந்தும் கிணற்றடியில் மின்னிறைப்பானும் உள்ள நாட்டில், பெயர்ச்சீட்டைப் படித்த பின்னரே புட்டியைத் திறக்கும் பழக்கம் தேர்விற்கு மட்டும் உரியதன்று; உயிர்க்கும் உரியது. மாணவர்களே! அறியும் வேட்கையும் காக்கும் விழிப்பும் உங்கள் இரு கண்கள் ஆகுக. அவ்விரண்டும் உடையோர்க்கே ஆய்வுக்கூடம் அறிவுக்கூடமாகத் திறக்கும்.