பழகுமா மலைப்பாம்பு?

நந்திதுர்க்கில் எங்கள் படிப்பு மையம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்த் திரும்பும் அக்காக்கள் வருவார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாக்களும் வருவார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களுக்குத் தெரிந்ததை நான் கற்றுக்கொள்கிறேன்.

ஒருநாள் இரவு, பக்கத்து லைனில் இருக்கும் பையன் ஒருவன் மையத்துக்கு வந்தான். அவன் கையில் ஒரு பெயின்ட் டப்பா இருந்தது. மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தான்.

"அண்ணா, மலைப்பாம்புக் குட்டி பிடிச்சிருக்கேன். வளர்க்கப் போறேன். பழகிட்டா நாய்க்குட்டி மாதிரி கூடவே இருக்குமாம். போன்ல வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை கழுத்துல போட்டுக்கிட்டு விளையாடுது" என்றான்.

சயனைடு மேட்டுக்குக் கீழே உள்ள புதரில் அதைப் பிடித்தானாம். நீளமான குச்சியால் தள்ளி டப்பாவுக்குள் விட்டிருக்கிறான்.

டப்பாவுக்குள் இருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. குக்கரில் ஆவி வருவது போன்ற சத்தம். எங்கள் தாத்தா ஒருவர் எழுந்தார். டார்ச் அடித்துத் துளை வழியாகப் பார்த்தார்.

"மூடியைத் தொடாதடா. டப்பாவைக் கீழே வை. எல்லாரும் தள்ளிப் போங்க. இது மலைப்பாம்பு இல்ல, கண்ணாடி விரியன்" என்றார்.

வனத்துறைக்குப் போன் செய்தோம். அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். அதுவரை அந்தப் பையன் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தான். அவன் கை நடுங்குவது நின்றபாடில்லை.

மறுநாள் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். "அது நிஜமாவே மலைப்பாம்பா இருந்திருந்தா வளர்த்திருக்கலாமா? அது மனுஷனோட பழகுமா?"

நல்ல கேள்வி. படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஆள் அடையாளம்

கண்ணாடி விரியனும் மலைப்பாம்பும் பார்வைக்குக் கொஞ்சம் ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் பருமனானவை. இரண்டுக்கும் உடம்பில் பழுப்பு நிறத் திட்டுகள் உண்டு. ஆனால் வித்தியாசமும் உண்டு.

கண்ணாடி விரியனின் முதுகில் திட்டுகள் வட்டம் வட்டமாக, சங்கிலி கோத்தது போல் வரிசையாக இருக்கும். அதன் செதில் சொரசொரப்பாக இருக்கும். சீண்டினால் மிகப் பலமாகச் சீறும்.

மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். தோல் வழவழப்பாக மின்னும்.

கண்ணாடி விரியனுக்குக் கொடிய விஷம் உண்டு. மலைப்பாம்புக்கு விஷமே இல்லை. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். வித்தியாசம் தெரியும் என்று நம்பி எந்தப் பாம்பையும் கையில் எடுக்கக் கூடாது. இருட்டிலும் புதரிலும் கண் ஏமாற்றும்.

மலைப்பாம்பின் குணம் என்ன?

மலைப்பாம்பு சோம்பேறி என்று சொல்வார்கள். அது சோம்பல் இல்லை, சிக்கனம். அது இரையைத் துரத்திக்கொண்டு ஓடாது. ஒரே இடத்தில் அசையாமல் காத்திருக்கும். அதன் உதட்டில் சிறு சிறு குழிகள் உண்டு. எலியோ பறவையோ பக்கத்தில் வந்தால் அதன் உடல் சூட்டை அந்தக் குழிகள் உணரும். அதனால் இருட்டிலும் குறி தப்பாது.

பல்லால் கவ்வும். உடனே உடம்பால் சுற்றி இறுக்கும். இறுக்கினால் மூச்சு முட்டி இரை சாகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். மலைப்பாம்பு போலவே இறுக்கிக் கொல்லும் போவா என்ற பாம்பை அமெரிக்காவில் ஆராய்ந்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். இறுக்கும்போது இரையின் ரத்த ஓட்டமே சில நொடிகளில் தடைப்படுகிறது என்று தெரிந்தது.

பெரிய இரையைத் தின்ற பிறகு அதன் உடம்புக்குள் பெரிய மாற்றம் நடக்கும். பர்மா மலைப்பாம்பின் இதயம் தீனி தின்ற இரண்டு நாளில் 100-க்கு 40 பங்கு பெரிதாகிறது. செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஒரு தடவை வயிறு நிறையத் தின்றால் பல வாரம், சில சமயம் பல மாதம்கூடத் தின்னாமல் இருக்கும்.

தாய்ப் பாம்பு முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்கும். குளிர் அடித்தால் தன் தசைகளைத் துடிக்க வைத்து முட்டைகளுக்குச் சூடு ஏற்றும். குட்டிகள் வெளியே வந்ததும் தாயின் வேலை முடிந்தது. ஒவ்வொரு குட்டியும் தன் வழியே போய்விடும். கூட்டமாக வாழும் பழக்கம் மலைப்பாம்புக்கு இல்லை.

பழகுமா?

நாய் ஏன் நம்மோடு பழகுகிறது? நாயின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்தவை. கூட்டத்துக்கு ஒரு தலைவன், துணை, உறவு எல்லாம் உண்டு. அந்த இடத்தில் நாய் நம்மை வைத்துக்கொள்கிறது. நாம் கூப்பிட்டால் வருகிறது. நாம் இல்லாவிட்டால் ஏங்குகிறது.

மலைப்பாம்பு தனியாகவே வாழ்வது. அதற்கு வெளிக்காது இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வராது. குட்டியிலிருந்தே மனிதர் கை பட்டுப் பட்டு வளர்ந்தால் ஒன்று மட்டும் நடக்கும். 'இந்தக் கையால் எனக்கு ஆபத்து இல்லை' என்று அதற்குப் பழகிப்போகும். பயம் குறையும். அதனால் கடிக்காமல் சும்மா இருக்கும். பயம் குறைவது வேறு, பாசம் வைப்பது வேறு. வீடியோவில் குழந்தையின் கழுத்தில் இருந்த பாம்பு பயமில்லாமல் இருந்திருக்கலாம். பாசத்தோடு இருந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தப் பழக்கமும் எப்போதும் கைகொடுக்காது. எலியையோ கோழியையோ தொட்ட கையில் அதன் வாசம் இருக்கும். அந்தக் கையைப் பாம்பு இரை என்று நினைத்துக் கவ்வும். தோல் உரிக்கும் நாட்களில் அதன் கண் வெண்மையாக மங்கிப்போகும். அப்போது பார்வை சரியாக இருக்காது. தொட்டால் மிரளும். தின்ற உடனே தூக்கினால் தின்றதைக் கக்கிவிடும். இவை அதன் குற்றம் இல்லை, அதன் இயல்பு.

குட்டியாக இருக்கும்போது இரண்டு அடி. நல்ல தீனி கிடைத்தால் சில ஆண்டுகளில் பத்து அடியைத் தாண்டும். இருபது ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். அமெரிக்காவில் புளோரிடா என்ற மாநிலத்தில் 2009-ல் ஒரு கொடுமை நடந்தது. வீட்டில் வளர்த்த மலைப்பாம்பு இரவில் கூண்டை விட்டு வெளியே வந்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையை இறுக்கிக் கொன்றுவிட்டது.

வளர்த்தவர்கள் கைவிட்டால்?

அதே புளோரிடாவில் இன்னொரு கதையும் உண்டு. அதில் நம் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

அங்கே பலர் பர்மா மலைப்பாம்புக் குட்டிகளைக் கடையில் வாங்கி ஆசையாக வளர்த்தார்கள். இந்தப் பாம்பு நம் ஊர் மலைப்பாம்புக்கு நெருங்கிய சொந்தம். குட்டிகள் வளர்ந்தன. தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. பயமும் வந்தது. சிலர் பாம்புகளைக் கொண்டுபோய்ச் சதுப்புக் காட்டில் விட்டார்கள். 1992-ல் ஒரு பெரும் புயல் அடித்தது. பாம்பு வளர்க்கும் பண்ணை ஒன்று இடிந்து, அங்கிருந்தும் பாம்புகள் தப்பின.

அந்தக் காட்டின் பெயர் எவர்கிளேட்ஸ். அங்கே மலைப்பாம்பு இதற்கு முன் இருந்ததே இல்லை. அதனால் அங்குள்ள விலங்குகளுக்கு அதைக் கண்டு ஒதுங்கத் தெரியவில்லை. பாம்புகள் பெருகின. 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று அங்கே நேர்ந்ததைச் சொன்னது. ராக்கூன் என்று ஒரு விலங்கு. நம் ஊர் மரநாய் போல இருக்கும். முன்பு 100 ராக்கூன் கண்ணில் பட்ட இடத்தில் ஒன்றைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. அதே 2012-ல் பர்மா மலைப்பாம்பை நாட்டுக்குள் கொண்டுவர அமெரிக்க அரசு தடை போட்டது. ஆனால் காடு முழுவதும் பரவிவிட்ட பாம்பை என்ன செய்வது?

இருளர்கள் போனார்கள்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் வாழும் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோல் விற்றுப் பிழைத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு தோல் வியாபாரம் நின்றது. பிழைப்பும் போனது. 1978-ல் ராமுலஸ் விட்டேகர் என்பவரின் முயற்சியால் இருளர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அது வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து விஷம் எடுத்து, பாம்புகளை மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது.

2017 ஜனவரியில் இந்த இருளர்களில் இருவரை அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். அவர்கள் பெயர் மாசி சடையன், வடிவேல் கோபால். அங்குள்ள அரசும் பல்கலைக்கழகமும் இந்த ஏற்பாட்டைச் செய்தன. ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே 13 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். அதில் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. கைவிடப்பட்ட பழைய ராணுவத் தளத்தின் இடிபாட்டுக்குள் அது இருந்தது.

எப்படி முடிந்தது? மற்றவர்கள் பாம்பைத் தேடினார்கள். இருளர்கள் பாம்பு போன தடத்தைத் தேடினார்கள். மண்ணில் விழுந்த கோடு, உரித்த தோல், எச்சம், வெயில் காய வசதியான மேடு, இவற்றையெல்லாம் பார்த்துப் புதருக்குள் நேராகப் போனார்கள். நாம் எழுத்தைப் படிப்பது போல அவர்கள் தரையைப் படிக்கிறார்கள்.

2023-ல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது தந்தது. பாம்பைப் பற்றி இவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் குறைவு. இவர்களும் பாம்பை மனிதனாக நினைத்து ஏமாறுவது இல்லை. அதன் இயல்பை அறிந்து, தேவைக்குத் தொட்டு, பிறகு விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு மலைப்பாம்பு, வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. அதைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

'பால் பைத்தான்' என்று ஆப்பிரிக்காவின் சிறிய மலைப்பாம்பு ஒன்று உண்டு. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். இவற்றைப் பெட்டியில் ஒளித்துக் கடத்தி வந்தவர்களைச் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துள்ளது.

நாம் என்ன செய்யலாம்?

2001 பிப்ரவரியில் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு காலியான கட்டடங்களைச் சுற்றிப் புதர் மண்டிவிட்டது. புதர் இருந்தால் எலி வரும். எலி இருந்தால் பாம்பு வரும். பாம்பு இல்லாவிட்டால் எலி பெருகும்.

ஆகவே பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள். பிடிக்கவும் போகாதீர்கள். தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 112-க்குப் போன் செய்யுங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால், எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்க விடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மலைப்பாம்பைப் பார்க்க ஆசையா? பன்னேர்கட்டாவுக்கோ மைசூர் மிருகக்காட்சி சாலைக்கோ போகலாம். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

இந்தப் பாடத்தை எங்கள் மையத்தில் முதலில் வாசித்தது அந்தப் பையன்தான். 'இருளர்கள் போனார்கள்' என்ற பகுதியை இரண்டு தடவை வாசித்தான். பிறகு தாத்தாவிடம் கேட்டான்.

"தாத்தா, சத்தத்தை வச்சே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தாத்தா சிரித்தார். "சுரங்கத்துல இருட்டு. அங்க காதுதான் கண்ணு. நாளைக்கு வா, சொல்றேன்" என்றார்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுப் பக்கம் என்னென்ன பாம்புகளைப் பார்த்திருக்கிறீர்கள்? அவற்றில் எவற்றுக்கு விஷம் உண்டு?

2. பயம் குறைவதற்கும் பாசம் வைப்பதற்கும் என்ன வேறுபாடு? நாயையும் பாம்பையும் வைத்துச் சொல்லுங்கள்.

3. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா? எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.